கைத்துப்பாக்கியை ரைஃபிளாக மாற்றலாம். ரைஃபிளைக் கைத்துப்பாக்கியாக மாற்றினால் சிறை: அமெரிக்கச் சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் குட்டைக் குழல் ரைஃபிள்களுக்கு 1934-ஆம் ஆண்டு முதல் விதிக்கப்பட்டு வந்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1-ஆம் தேதி முதல் பூஜ்ஜியமாகக் குறைக்கப்பட்டுள்ளது. அதிபர் டிரம்ப் 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்திட்ட வரி மற்றும் செலவினச் சட்டத்தின் ஒரு பிரிவு இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஆனால், வரிதான் போயிருக்கிறதே தவிர, அரசிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் அப்படியே நீடிக்கிறது. பதிவு செய்யாமல் வைத்திருப்போருக்கு 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை என்பதும் மாறவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது புரியாத புதிராகவே தோன்றும். கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்லப் பல மாகாணங்கள் அனுமதிக்கும் நாடு அது. அத்தகைய நாட்டில், கைத்துப்பாக்கியைவிடப் பெரியதான ஒரு ரைஃபிளின் குழல் ஓர் அங்குலம் குறைந்தால் மட்டும் ஏன் இத்தனை கடுமை? இதற்கான விடை, சட்டத்தில் இருப்பதைவிட, 1934-இல் சட்ட வரைவிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பகுதியில்தான் இருக்கிறது.

எது ரைஃபிள், எது கைத்துப்பாக்கி?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியின் வலிமையைக் கொண்டு அதை வகைப்படுத்துவதில்லை. எப்படிப் பிடித்துச் சுடுவதற்காக அது வடிவமைக்கப்பட்டது என்பதையே பார்க்கிறது. தோளில் அணைத்துச் சுடுவதற்காக உருவாக்கப்பட்டு, உட்புறம் சுழல்வரி வெட்டப்பட்ட குழலைக் கொண்டது ரைஃபிள். ஒரே கையால் பிடித்துச் சுடும் நோக்குடன் உருவாக்கப்பட்டது கைத்துப்பாக்கி. இரண்டிலும் ஒரே தோட்டாவைப் பயன்படுத்தலாம். இரண்டின் உள்ளியக்கமும் ஒன்றாகவே இருக்கலாம். பின்புறம் தோளில் பதியும் கட்டை இருக்கிறதா, இல்லையா என்பதுதான் பெரும்பாலும் வேறுபாடு.

இந்த வகைப்பாட்டின் மீது இரண்டு அளவுகள் சுமத்தப்பட்டுள்ளன. ரைஃபிளின் குழல் குறைந்தது 16 அங்குலம், அதாவது சுமார் 40.6 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ரைஃபிளிலிருந்து மாற்றி உருவாக்கப்பட்ட ஆயுதமாக இருந்தால், அதன் மொத்த நீளமும் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்தாலும், அந்த ஆயுதம் இயந்திரத் துப்பாக்கிகளும் சைலன்சர்களும் இடம்பெற்றுள்ள தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். கைவிரல் ரேகை, புகைப்படம், பின்னணிச் சரிபார்ப்பு, அரசின் ஒப்புதல் ஆகியவை முடிந்த பிறகே அதை உருவாக்கவோ வாங்கவோ இயலும். ஒப்புதல் பெற்ற பின்னரும், ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்துக்கு எடுத்துச் செல்லத் தனி அனுமதி வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாகாணங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களால் இவ்வகை ரைஃபிள்களைப் பொதுமக்களுக்குத் தடை செய்துள்ளன.

1934-இல் விடுபட்டது

மதுவிலக்குக் காலத்தின் கும்பல் மோதல்களே இச்சட்டத்துக்கு வித்திட்டன. 1929 பிப்ரவரி 14-ஆம் தேதி சிகாகோவில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவம் நாட்டை உலுக்கியது. 1933 பிப்ரவரியில், அதிபராகப் பொறுப்பேற்கவிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மீது மயாமியில் நடத்தப்பட்ட துப்பாக்கிச்சூட்டில் அவர் தப்பினார். சிகாகோ மேயர் ஆன்டன் செர்மாக் குண்டடி பட்டுப் பின்னர் உயிரிழந்தார். மியாமியில் பயன்படுத்தப்பட்டது ரைஃபிள் அல்ல, கைத்துப்பாக்கி.

எனவே, ரூஸ்வெல்ட் அரசின் அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ் முன்னெடுத்த முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் ரிவால்வர்களும் இடம்பெற்றிருந்தன. உடையில் மறைத்து எடுத்துச் செல்லக்கூடிய ஆயுதங்கள் அனைத்தையும் பதிவேட்டுக்குள் கொண்டுவருவதே நோக்கம். கைத்துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வந்தால், ஒருவர் ரைஃபிளையோ ஷாட்கன்னையோ வாங்கி அதன் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கி போலப் பயன்படுத்தத் தொடங்கிவிடலாம் அல்லவா? அந்த வழியை அடைக்கும் வேலையைத்தான் குழல் நீள விதி செய்தது.

நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு வலுத்தது. கைத்துப்பாக்கிகளும் ரிவால்வர்களும் வரைவிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுக்குத் துணையாக நின்ற குழல் நீள விதி மட்டும் நீக்கப்படவில்லை. முன்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்துச் சன்னலுக்குப் பூட்டுப் போட்டது போல, 1934 ஜூன் 26-ஆம் தேதி சட்டம் நிறைவேறியது. அப்போது நீள வரம்பு 18 அங்குலமாக இருந்தது. ரைஃபிள்களுக்கு அது 16 அங்குலமாகக் குறைக்கப்பட்டது 1960-இல்தான்.

200 டாலர் வரி அன்று சாதாரணத் தொகை அல்ல. இன்றைய மதிப்பில் அது 4,000 டாலருக்கும் அதிகம். வருவாய் ஈட்டுவதைவிட, வாங்க விடாமல் செய்வதே அதன் உண்மையான நோக்கம் என்பதை யாரும் மறைக்கவில்லை. ஆயினும் வரி என்ற சட்டைதான் இச்சட்டத்தைக் காப்பாற்றியது. 1937-இல் சொன்சின்ஸ்கி வழக்கில், இது நாடாளுமன்றத்தின் வரி விதிக்கும் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு இப்போது மீண்டும் பேசப்படுவதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

ஒரு பெட்டிக்குள் இருந்த வழக்கு

கைத்துப்பாக்கியையும் ரைஃபிளையும் மாற்றி மாற்றிப் பொருத்தும் உரிமை குறித்த முக்கியத் தீர்ப்பு 1992-இல் வந்தது. தாம்சன் சென்டர் ஆர்ம்ஸ் என்ற நிறுவனம், 'கன்டெண்டர்' என்ற பெயரில் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கி ஒன்றைத் தயாரித்தது. அதன் குழல் 10 அங்குலம். அதனுடன் சேர்த்துப் பயன்படுத்த, 21 அங்குலக் குழலும் தோள்கட்டையும் அடங்கிய ஒரு தொகுப்பையும் அந்நிறுவனம் உருவாக்கியது. இரண்டையும் பொருத்தினால் சட்டப்படியான ரைஃபிள் கிடைக்கும். ஆனால், 21 அங்குலக் குழலை விட்டுவிட்டு, 10 அங்குலக் குழலுடன் தோள்கட்டையை மட்டும் பொருத்தினால், அது பதிவு செய்யப்பட வேண்டிய குட்டைக் குழல் ரைஃபிள்.

மது, புகையிலை, துப்பாக்கிகள் விவகாரங்களைக் கவனிக்கும் கூட்டாட்சிப் பணியகம் (ஏடிஎஃப்) கடுமையான நிலைப்பாட்டை எடுத்தது. யாரும் அப்படிப் பொருத்தாவிட்டாலும், கைத்துப்பாக்கியும் தொகுப்பும் ஒரே இடத்தில் இருந்தாலே குட்டைக் குழல் ரைஃபிளை 'உருவாக்கியதாக' ஆகிவிடும் என்றது. நிறுவனம் ஒரு துப்பாக்கிக்கு மட்டும் 200 டாலர் வரியைச் செலுத்திவிட்டு, அதைத் திருப்பித் தருமாறு வழக்குத் தொடுத்தது.

200 டாலருக்கான அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1992 ஜூன் மாதம், 5-க்கு 4 என்ற மிகக் குறுகிய வேறுபாட்டில் நிறுவனம் வென்றது. நீதிபதி டேவிட் சூட்டர் எழுதிய முதன்மைக் கருத்துரை பாகங்களை இருவகையாகப் பிரித்தது. ஒருவரிடம் உள்ள பாகங்களைச் சட்டவிரோத ஆயுதம் செய்வதற்கு மட்டுமே பயன்படுத்த முடியும் என்றால், பொருத்தாமல் வைத்திருந்தாலும் குற்றமே. சட்டப்படியான பயனும் அவற்றுக்கு இருந்தால், உண்மையில் தவறாகப் பொருத்தும் வரை குற்றம் இல்லை. சட்டத்தின் சொற்கள் இருபொருள் தருமானால், தண்டனைக்கு ஆளாகக்கூடியவருக்குச் சாதகமான பொருளையே கொள்ள வேண்டும் என்ற பழைய நெறியை நீதிமன்றம் இங்குப் பின்பற்றியது.

ஒரு திசையில் மட்டும் செல்லும் பாதை

அத்தீர்ப்பை ஏற்று ஏடிஎஃப் தனது நடைமுறையை எழுத்து வடிவில் மாற்றிக்கொள்ள மேலும் 19 ஆண்டுகள் பிடித்தன. 2011-இல் வெளியான அதன் ஆணை, கைத்துப்பாக்கியாகப் பிறந்த ஆயுதம் ரைஃபிளாக மாறலாம், மீண்டும் கைத்துப்பாக்கியாகத் திரும்பலாம் என்று தெளிவுபடுத்தியது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். எதிர்த்திசையில் இச்சலுகை கிடையாது.

இருவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் கைத்துப்பாக்கியாக விற்கப்பட்ட ஒன்றை வாங்குகிறார். நீண்ட குழலையும் தோள்கட்டையையும் பொருத்தி ரைஃபிளாகப் பயன்படுத்துகிறார். ஒரு மாதம் கழித்து அவற்றைக் கழற்றிப் பழைய குழலை மாட்டுகிறார். எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டாமவர் அதே வகையைத் தொழிற்சாலையிலிருந்தே ரைஃபிளாக வந்த நிலையில் வாங்குகிறார். தோள்கட்டையை அகற்றிக் குட்டைக் குழலை மாட்டுகிறார். இப்போது இருவர் கையிலும் இருப்பவை திருகாணி வரை ஒரே மாதிரியான ஆயுதங்கள். முதலாவது, பதிவு தேவையில்லாத கைத்துப்பாக்கி. இரண்டாவது, 'ரைஃபிளிலிருந்து உருவாக்கப்பட்ட ஆயுதம்'. முன்கூட்டியே ஒப்புதல் பெறாவிட்டால் 10 ஆண்டுச் சிறை வரை கொண்டுசெல்லக்கூடியது.

முதலாமவரும் முழுமையாகத் தப்பிவிடவில்லை. ரைஃபிளாக மாற்றும்போது நீண்ட குழலை முதலில் பொருத்திவிட்டே தோள்கட்டையைப் பொருத்த வேண்டும். திரும்ப மாற்றும்போது தோள்கட்டையை முதலில் கழற்ற வேண்டும். வரிசை மாறினால், சில நிமிடங்களுக்கேனும் அவர் கையில் இருப்பது குட்டைக் குழலும் தோள்கட்டையும் சேர்ந்த ஆயுதம். வேலை செய்யும் மேசையில் எந்தப் பாகம் முதலில் கழன்றது என்பதைப் பொறுத்துக் குற்றம் அமையும் சட்டம் உலகில் அரிது.

ஆயுதத்தின் 'பிறப்பு' எப்படித் தெரியும்? தயாரிப்பாளரின் பதிவேட்டிலும், உரிமம் பெற்ற விற்பனையாளர் நிரப்பும் படிவத்திலும் அதன் வகை குறிக்கப்படுகிறது. குழலோ கட்டையோ இல்லாமல் ரிசீவர் எனப்படும் உடற்பகுதி மட்டும் விற்கப்பட்டால், அது எந்த வகையிலும் சேராது. முதலில் எதுவாகப் பொருத்தப்படுகிறதோ அதுவே அதன் பிறப்பாகிவிடும். விற்பனை வயதும் இந்த வகையையே சார்ந்திருக்கிறது. கூட்டாட்சிச் சட்டத்தின் வாசகப்படி, விற்பனையாளரிடமிருந்து ரைஃபிள் வாங்க 18 வயதும் கைத்துப்பாக்கி வாங்க 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் ஏட்டளவில் நிற்கும் நுணுக்கங்கள் என்று கருதிவிட முடியாது. ஐடஹோ மாகாணத்தைச் சேர்ந்த ராண்டி வீவர் மீதான வழக்கு, குழல் அறுக்கப்பட்ட இரண்டு ஷாட்கன்களை அரசின் உளவாளிக்கு விற்றார் என்ற குற்றச்சாட்டில்தான் தொடங்கியது. அவர் நீதிமன்றத்தில் முன்னிலையாகவில்லை. 1992 ஆகஸ்டில் ரூபி ரிட்ஜ் என்ற இடத்தில் அவரது வீடு முற்றுகையிடப்பட்டபோது, அவரது மனைவியும் 14 வயது மகனும் கூட்டாட்சி மார்ஷல் ஒருவரும் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு நடந்த விசாரணையில், ஷாட்கன் குற்றச்சாட்டிலிருந்து வீவரை ஜூரிகள் விடுவித்தனர்.

கைப்பட்டையால் வந்த குழப்பம்

2012-இல் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. கையில் குறைபாடுள்ள முன்னாள் ராணுவத்தினர் கனமான கைத்துப்பாக்கியை ஒற்றைக் கையால் சுடுவதற்கு உதவியாக, முன்கையில் பட்டையிட்டுக் கட்டிக்கொள்ளும் 'பிரேஸ்' என்ற துணைக்கருவி உருவாக்கப்பட்டது. அதைப் பொருத்தினாலும் கைத்துப்பாக்கி கைத்துப்பாக்கியே என்று ஏடிஎஃப் ஒப்புக்கொண்டது. ஆனால், அதன் வடிவம் தோளில் பதித்துச் சுடவும் வசதியாக இருந்தது. ரைஃபிள் தோட்டாவைச் சுடும் குட்டைக் குழல் 'கைத்துப்பாக்கிகள்', பதிவும் வரியும் இல்லாமல் லட்சக்கணக்கில் விற்பனையாயின.

தோளில் வைத்துச் சுட்டால் அது மறுவடிவமைப்பு ஆகிவிடும் என்று 2015-இல் ஏடிஎஃப் எச்சரித்தது. 2017-இல் அந்த நிலைப்பாட்டைத் தளர்த்தியது. 2019-இல் ஓஹியோவின் டேட்டன் நகரிலும், 2021-இல் கொலராடோவின் போல்டர் நகரிலும் நடந்த படுகொலைகளில் இவ்வகை ஆயுதங்கள் பயன்படுத்தப்பட்டன. போல்டர் பல்பொருள் அங்காடியில் மட்டும் பத்துப் பேர் கொல்லப்பட்டனர். ரைஃபிளின் ஆற்றலும் எளிதில் மறைக்கக்கூடிய அளவும் ஒன்றுசேர்வதே 1934-இல் தடுக்க நினைத்த ஆபத்து என்று துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்போர் வாதிட்டனர். அந்த வாதத்தைப் புறந்தள்ள முடியாது. அதே வேளையில், பத்தாண்டுகளாக அரசின் கடிதத்தை நம்பி வாங்கியவர்கள் ஒரே இரவில் குற்றவாளிகள் ஆக வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானதே.

பைடன் அரசு 2023 ஜனவரியில் புதிய விதியை வெளியிட்டது. பிரேஸ் பொருத்தப்பட்ட பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் குட்டைக் குழல் ரைஃபிள்களாகவே கருதப்படும் என்றது. அவ்வாண்டு மே 31-க்குள் வரியின்றிப் பதிவு செய்யலாம். இல்லையேல் பிரேஸை அகற்ற வேண்டும், நீண்ட குழலை மாட்ட வேண்டும், ஒப்படைக்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். புழக்கத்தில் 30 லட்சம் பிரேஸ்கள் இருக்கலாம் என்பது அரசின் கணிப்பு. நாடாளுமன்ற ஆய்வுச் சேவையோ 1 கோடி முதல் 4 கோடி வரை இருக்கலாம் என்றது. காலக்கெடுவுக்குள் வந்த விண்ணப்பங்கள் சுமார் இரண்டரை லட்சம் மட்டுமே. எந்தக் கணிப்பை எடுத்துக்கொண்டாலும், பெரும்பாலானோர் பதிவு செய்ய முன்வரவில்லை.

விதி நெடுநாள் நிலைக்கவில்லை. முதலில் மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்ட வரைவில், ஆயுதத்தின் ஒவ்வோர் அம்சத்துக்கும் மதிப்பெண் வழங்கும் அட்டவணை இருந்தது. இறுதி விதியில் அது முற்றிலும் கைவிடப்பட்டு வேறு அளவுகோல்கள் புகுத்தப்பட்டிருந்தன. இதைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றங்கள், மக்கள் கருத்துக் கூற வாய்ப்பே இல்லாத ஒரு விதி இது என்று கண்டித்தன. 2024 ஜூன் 13-ஆம் தேதி, டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் இந்த விதியை நாடு முழுவதற்கும் ரத்து செய்தது. ஆனால், குட்டைக் குழல் ரைஃபிள் பற்றிய 1934 சட்டம் தொடப்படவில்லை. பிரேஸுக்குப் பதிலாக உண்மையான தோள்கட்டையைப் பொருத்தினால், ஒப்புதல் இன்றி வைத்திருப்பது இன்றும் குற்றமே.

வரியே இல்லாத வரிச் சட்டம்

இப்போது 200 டாலர் வரியும் பூஜ்ஜியமாகியிருக்கிறது. இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் வெடிகுண்டு போன்ற அழிவு ஆயுதங்களுக்கும் மட்டும் அது தொடர்கிறது. இதனால்தான் 1937-ஆம் ஆண்டுத் தீர்ப்பு மீண்டும் மேசைக்கு வந்துள்ளது. வரி வசூலிக்கும் அதிகாரத்தின் பெயரால் நியாயப்படுத்தப்பட்ட பதிவேடு, வரியே இல்லாதபோது எந்த அடிப்படையில் நிற்கும் என்று துப்பாக்கி உரிமை அமைப்புகள் நீதிமன்றங்களில் வழக்குத் தொடுத்துள்ளன. மாகாணங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழும் இதைக் காக்க முடியும் என்பது எதிர்வாதம்.

அமெரிக்காவில் வசிக்கும் இந்தியர்கள் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் மாணவர் விசாவிலோ ஹெச்-1பி போன்ற தற்காலிகப் பணி விசாவிலோ இருப்பவர்கள், வேட்டை உரிமம் பெற்றிருத்தல் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, எந்தத் துப்பாக்கியையும் வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. கிரீன் கார்டு பெற்றவர்கள் வாங்கலாம். எனினும் அவர்கள் குடிமக்கள் அல்லர். துப்பாக்கிச் சட்ட மீறலில் தண்டிக்கப்படும் வெளிநாட்டவரை, அவர் நிரந்தர வசிப்புரிமை பெற்றவராக இருந்தாலும், நாடு கடத்தக் குடியேற்றச் சட்டம் இடமளிக்கிறது. அமெரிக்கக் குடிமகன் ஒருவருக்குச் சிறையோடு முடியும் குழல் நீள விவகாரம், கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு அங்குள்ள வாழ்க்கையையே முடித்துவிடக் கூடும். பொழுதுபோக்காக இணையத்தில் பாகங்களை வாங்கிப் பொருத்துவோர் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேட்பது நல்லது.

இந்தியாவில் எப்படி?

இந்தியச் சட்டம் இத்தகைய திசைப் பாகுபாடு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, துப்பாக்கியின் குழலைக் குறைப்பதையும், பொம்மை அல்லது போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக மாற்றுவதையும் அதற்கென உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் மூன்றாவது ஒன்றையும் சேர்த்தது: 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் கூறப்பட்டுள்ள ஒரு வகையைச் சேர்ந்த துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதற்கும் அதே தடை பொருந்தும். முன்பு மூன்று முதல் ஏழு ஆண்டுகளாக இருந்த தண்டனை, குறைந்தது ஏழு ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் என உயர்த்தப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டதே அப்போது பரவலாகப் பேசப்பட்டது. மாற்றம் குறித்த இந்தச் சில சொற்கள் அதிகக் கவனம் பெறவில்லை.

இங்குப் பெரிய சிக்கல் உரிமம் பெற்ற துப்பாக்கியை மாற்றுவோர் அல்லர். உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் 'கட்டா' என்று அழைக்கப்படும் நாட்டுக் கைத்துப்பாக்கிகளில் பல, .315 ரைஃபிள் தோட்டாவைச் சுடும் வகையில் கள்ளப் பட்டறைகளில் செய்யப்படுபவை. அமெரிக்கச் சட்டம் 90 ஆண்டுகளாக வரையறுக்கப் பாடுபடும் 'ரைஃபிள் ஆற்றல் கொண்ட கைத்துப்பாக்கி' அங்கே எந்த வகைப்பாட்டுக்கும் காத்திராமல் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்பவர் மீது பாய்வது 6-ஆவது பிரிவு அல்ல. உரிமமின்றி ஆயுதம் தயாரிப்பதைத் தடை செய்யும் 5-ஆவது பிரிவு. இரண்டுக்கும் தண்டனை ஒன்றே.